கப்பல் பட்டியலில் ஒரு பிள்ளை அதிகம்

ஊரார் வீட்டுப் பூட்டன் எந்தத் திகதியில் பிறந்தார், எந்தக் கப்பலில் ஏறினார் என்று தேடிப் பிழைக்கிற தொழில் என்னுடையது; சொந்தப் பூட்டனின் பெயரை யாராவது கேட்டால் நான் அம்மாவுக்குத்தான் தொலைபேசி எடுக்க வேண்டும்.

அந்நிய நாட்டு அலுவலகங்களில் படிவம் நிரப்பி விரல் தேய்ந்தவர்களே, "இந்தப் பத்திரம் போதாது, அடுத்த முறை அந்தப் பத்திரமும் கொண்டு வாருங்கள்" என்று கேட்டுக் காது புளித்தவர்களே, இதை வாசிக்க உங்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. நானும் உங்கள் சாதிதான். ஒரே வித்தியாசம், இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுவில் மூன்று வருடம் நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பத்திரம் கேட்டு வந்தவர்களை நான் பார்த்த பார்வையை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வேலை லைப்சிக் நகரில். ஜேர்மன் துறைமுகங்களில் கப்பலேறிப் பிரேசிலில் போய்க் குடியேறிய போலந்துக்காரர்களின் வரலாற்றை எழுதுவது. மொத்தம் மூன்று பேர்: பேராசிரியராகிய எங்கள் தலைவர், பழைய ஆவணங்களைக் காவல் காக்கிற ஃபிராவ் கூபிட்ஸ் அம்மையார், அப்புறம் யாழ்ப்பாணத்தில் பிறந்து டோர்ட்முண்டில் வளர்ந்த குகன் ஆகிய நான்.

சாமத்திய வீட்டில் ஒரு விசாரணை

வேலை கிடைத்த மாதமே டோர்ட்முண்டில் ஒரு சாமத்திய வீடு, பெரியபிள்ளையான ஒரு பெட்டைக்குச் சடங்கு. மண்டபம் நிறையச் சனம். அங்கே சிவம் அண்ணையிடம் அகப்பட்டேன். அவர் அகதி விசாரணைகளில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அதனால் யாரிடம் பேசினாலும் விசாரணைதான். என்ன படிச்சனீர், எங்க வேலை, சம்பளம் என்ன, கலியாணம் எப்ப என்று வரிசை தவறாமல் கேட்பார்.

எங்கள் ஆட்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்றால் தலையாட்டுவார்கள். டொக்டர் என்றால் மகளை அறிமுகப்படுத்துவார்கள். நான் "வரலாறு" என்றேன். அவர் முகத்தில் துக்கம் விசாரிக்கிற பாவம் வந்தது. எந்த வரலாறு என்று கேட்டார். போலந்துக்காரர் பிரேசிலுக்குப் போன வரலாறு என்று சொன்னதும் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டார். பிறகு சொன்னார்:

"தமிழன் ஜேர்மனிக்கு வந்த கதையை எந்தப் போலந்துக்காரனாவது குந்தியிருந்து எழுதுறானோ தம்பி? இல்லையெல்லோ. பிறகு உனக்கு மட்டும் ஏன் இந்த வருத்தம்?"

கரையில் நிற்பவர்

எனக்குப் போலிஷ் மொழி எப்படித் தெரியும் என்று நேர்முகத்தில் தலைவர் கேட்டார். உண்மை இதுதான்: எண்பதுகளில் நாங்கள் இருந்த அகதி விடுதியில் அடுத்த அறை ஒரு போலந்துக் குடும்பத்துக்கு. சமையலறை பொது. அவர்களுடைய முட்டைக்கோவாவும் எங்களுடைய மீன் குழம்பும் ஒரே அடுப்புக்குச் சண்டை போட்டன. அந்த வீட்டு மாரெக்கும் நானும் இரண்டு வருடம் ஒன்றாக விளையாடினோம். நான் முதலில் கற்ற இருபது போலிஷ் சொற்களையும் தலைவர் முன்னால் சொல்ல முடியாது. "இளம் வயதில் கிடைத்த மொழிச் சூழல், பிறகு பல்கலைக்கழகத்தில் முறையான பயிற்சி" என்று சொன்னேன். மிகவும் மகிழ்ந்துபோனார்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் கிழமைதான் ஒன்று தெரியவந்தது. தலைவருக்குப் போலிஷ் தெரியாது. போர்த்துக்கீசமும் தெரியாது. பிரேசிலுக்குப் போனதில்லை, வெயில் ஒத்துக்கொள்ளாதாம். போலந்து எல்லை காரில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு, அங்கேயும் போனதில்லை. ஆனால் இந்த இரண்டு நாட்டையும் பற்றி இரண்டு தடித்த புத்தகம் எழுதியிருந்தார். எனக்கு வாய் பொறுக்கவில்லை, பணிவாகத்தான் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, சற்றும் வெட்கப்படாமல் பதில் சொன்னார்:

"மொழி தெரிந்தால் விவரங்களில் மூழ்கிப் போய்விடுவோம், ஹெர் குகன். யாராவது ஒருவர் கரையில் நிற்க வேண்டும்."

ஒருவரும் போகவில்லை

முதல் ஆறு மாதம் பழைய கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றினேன். ஏற்றி முடித்து, நாடு என்ற இடத்தில் 'போலந்து' என்று தட்டித் தேடினால் பூச்சியம். ஒருவர்கூட இல்லை. முதலில் ஏற்றியவை முதல் உலகப் போருக்கு முந்திய பட்டியல்கள். போலந்து என்ற நாட்டை மூன்று பேரரசுகள் பங்கு போட்டுத் தின்றிருந்த காலம். போனவர்கள் எல்லாரும் காகிதத்தில் பிரஷ்யர், ரஷ்யர், ஆஸ்திரியர். வீட்டில் போலிஷ் பேசி, போலிஷில் செபம் சொல்லி, போலிஷில் பெண்டாட்டியைத் திட்டினவர்கள் அத்தனை பேரும் குமாஸ்தாவின் பேனாவில் வேறு ஆளாகிவிட்டார்கள்.

தலைவர் இதைக் கேட்டு, அரையாண்டு அறிக்கையில் "போலந்துக் குடியேறிகளின் வியப்பூட்டும் இன்மை" என்று ஒரு தலைப்பே போட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆவண அறைக்குப் போனேன். ஃபிராவ் கூபிட்ஸ் கடுமையான மனுஷி. ஆவண அறைக்குள் பேனா கொண்டுபோனால் துப்பாக்கி கொண்டுவந்தவனைப் போலப் பார்ப்பார். கை கழுவினாயா என்று தினமும் கேட்பார். அன்றைக்கு விஷயத்தைச் சொன்னதும் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் போலந்தின் மேல் சிலேசியாவில் பிறந்து, பாட்டனார் ஜேர்மன்காரர் என்ற ஒற்றைப் பத்திரத்தைக் காட்டி எண்பதுகளில் இங்கே வந்தவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அங்கே நான் ஹலினா, ஜேர்மன்காரி என்று திட்டினார்கள். இங்கே வந்து ஹெல்கா ஆனேன், போலந்துக்காரி என்று திட்டினார்கள். பட்டியலில் என்னை எந்தக் கட்டத்தில் போடுவார் என்று தலைவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

பன்றியும் பிரபுவும்

திட்டத்துக்கு ஓர் இணையப் பக்கம் திறந்தோம். அது என் போதாத காலம். பிரேசிலிலிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. என் பூட்டன் யார், எந்த ஊர் என்று கேட்பது நியாயம். ஆனால் பத்துக் கடிதத்தில் எட்டு, பூட்டன் ஒரு பிரபு என்று முடிவு கட்டிவிட்டு, அதற்கு ஆதாரம் மட்டும் கேட்கும். கோட்டை இருந்ததாம், குதிரைகள் இருந்தனவாம், ஒரு பெண் விவகாரத்தில் மனம் வெறுத்துக் கடல் கடந்தாராம். கோட்டையும் குதிரையும் உள்ளவன் எதற்குக் கப்பலின் அடித்தட்டில், உப்புப் போட்ட மீன் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு போனான் என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

நாங்கள் மட்டும் என்ன குறைவா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் முதலியார் பட்டம் பெற்ற பரம்பரை அல்லாத ஒருவரை நான் இன்னும் ஜேர்மனியில் சந்திக்கவில்லை. அப்படியானால் அங்கே வயலில் இறங்கி வேலை செய்தது யார், பனையில் ஏறியது யார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இறைச்சி சுடுகிற கடை வைத்திருந்த ஒருவர், தன் கடை வாசலில் மாட்டியிருக்கும் கழுகுச் சின்னத்தின் படத்தை அனுப்பி, பூட்டனின் பட்டத்தை உறுதிப்படுத்தக் கேட்டார். ஒரு மாதம் தேடினேன். பூட்டன் ஒரு பண்ணையில் பன்றி மேய்த்தவர். பட்டியலிலேயே தொழில் தெளிவாக எழுதியிருந்தது. மிகப் பக்குவமாக எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது:

"நன்றி. அந்தப் பன்றிகள் ஒரு பிரபுவினுடையவைதானே? அதையாவது முத்திரை குத்தி எழுதித் தாருங்கள்."

தெரேசா

இந்தக் கூட்டத்தில் பிரபுவைக் கேட்காத ஒருத்தி தெரேசா. தெற்குப் பிரேசிலில் முதியோர் இல்லத்தில் வேலை. அவள் ஊரில் போலந்துக்காரரும் ஜேர்மன்காரரும் அடுத்தடுத்துக் குடியேறியவர்கள். அதனால் அவளுக்கு ஜேர்மன் தெரியும். நூறு வருடத்துக்கு முந்திய நாட்டுப்புற ஜேர்மன் அது. தொலைபேசியில் அவள் பேசும்போது எனக்குக் கப்பல் பட்டியலே எழுந்து பேசுவது போல இருக்கும்.

அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். போலந்து அப்போதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது. தாத்தா போலந்துக் குடிமகன் என்று நிரூபித்தால் பேத்திக்கும் குடியுரிமை உண்டு, பேத்தியின் மகளுக்கும் உண்டு. மகள் அயர்லாந்தில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். விசா முடியப் போகிறது. முடிந்தால் திரும்ப வேண்டியதுதான், ஆனால் அங்கே அவளுக்கு ஒரு கைக்குழந்தையும் அதன் தகப்பனும் இருந்தார்கள். தாத்தா யூசெஃப் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், எட்டு வயதில், தகப்பன் வொய்ச்சிக் நோவாக்கின் பாஸ்போட்டில் போனவர். போலந்து ஊரில் பிறப்புப் பதிவேடு போரில் எரிந்துவிட்டது. யூசெஃப் நோவாக்கின் மகன் என்று சொல்ல உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே தாள் எங்களிடம் இருந்த கப்பல் பட்டியல். அதைப் பார்த்து நாங்கள் ஓர் உறுதிக் கடிதம் தர வேண்டும். தூதரகத்தில் அவளுக்கு அடுத்த மாதம் சந்திப்பு; தவறினால் ஒரு வருடத்துக்குப் பிறகுதான் அடுத்தது.

ஒரு கிழமைக்குள் அனுப்புகிறேன் என்று பெரிய மனுஷனாக வாக்குக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு, வைக்கும் முன் ஒன்று சொன்னாள்:

"இந்த ஊரில் எல்லாரும் என் தாத்தாவைப் போலந்துக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள், ஐயா. போலந்து மட்டும்தான் அதற்குச் சாட்சி கேட்கிறது."

நாலு மாதத்தில் இரண்டு பிள்ளை

நோவாக் குடும்பத்தின் தாளை எடுத்தேன். தகப்பன், தாய் அக்னியெஷ்கா, ஆறு பிள்ளைகள். அதில் பவெல், எட்டு வயது. யூசெஃப், எட்டு வயது. இரட்டையர் என்று நினைத்துத் தாண்டப் போனேன். பட்டியலுடன் குடும்பப் பாஸ்போட்டின் பிரதி ஒட்டியிருந்தது. பவெல் ஏப்ரலில் பிறந்தவன். யூசெஃப் அதே வருடம் ஆகஸ்டில்.

எந்தத் தாயும் நாலு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளை பெறுவதில்லை. வேறு யாருக்கும் இது புதிராக இருக்கலாம். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது, ஏனென்றால் நானும் அப்படி வந்தவன்தான். என்னைச் சித்திதான் தன் மகன் என்று சொல்லி ஜேர்மனிக்குக் கூட்டிவந்தார். சித்தியின் சொந்த மகன் ரகுவைவிட நான் ஐந்து மாதம் மூத்தவன். எங்களை அனுப்பிய ஏஜென்ட் என் வயதில் ஒன்றைக் கூட்டிவிட்டான்; அந்த அளவுக்கு அவன் நோவாக்கைவிடப் படித்தவன். இரண்டு வருடம் கழித்து அம்மா வந்தார். சித்திக்குத் தமக்கை என்பதால், காகிதத்தில் எனக்குப் பெரியம்மா. "வெளியில என்னை அம்மா எண்டு கூப்பிடாதை" என்று சொல்லிச் சொல்லித்தான் என்னைப் பள்ளிக்கு அனுப்புவார். நான் பெரியம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் சரியாக அந்த நேரம் பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்வார். இப்போது எல்லாம் சட்டப்படி திருத்தியாகிவிட்டது. யாரும் பதறிப் போய் எங்கேயும் எழுதிப் போட வேண்டாம்.

ஒரு பெற்றார் கூட்டத்துக்குச் சித்தியும் அம்மாவும் வந்தார்கள். சித்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அம்மா என் ஒவ்வொரு கொப்பியையும் புரட்டிப் பார்த்து, கணக்கில் ஏன் மூன்று புள்ளி குறைந்தது என்று என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். என் வகுப்பாசிரியை நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்:

"உன் பெரியம்மாவுக்கு உன்மேல் இருக்கிற அக்கறை பெற்ற தாய்க்குக்கூட இல்லையே, குகன்!"

வாய்க் கொழுப்பு

இத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. உறுதிக் கடிதத்தில் தலைவரின் கையெழுத்து வேண்டும். திகதிகளைப் பார்த்துவிட்டு அவர், "குமாஸ்தாவின் எழுத்துப் பிழை, இரட்டையர்கள்" என்று பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட இன்னும் ஓர் அங்குலம். அந்த நேரம் பார்த்து என் வாயில் சனி வந்து உட்கார்ந்தது. கரையில் நிற்கிறவருக்கு ஆழம் காட்ட வேண்டும் என்று ஆசை. "பிழை இல்லை, பேராசிரியர். அது அயல் வீட்டுப் பிள்ளையாக இருக்கும். இப்படிக் கூட்டிப் போவது வழக்கம்" என்றேன். உங்களில் யாராவது வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டியிருந்தால் என் நிலை விளங்கும்.

பேனா மூடியது. முகத்தில் அப்படி ஓர் ஒளி! மூன்று வருடமாக அவருக்குச் சொந்தமாக ஒரு கண்டுபிடிப்பும் இருக்கவில்லை. 'குடியேற்றமும் குடும்ப மோசடியும்' என்று மாநாட்டுக் கட்டுரைக்குத் தலைப்பே அங்கேயே பிறந்துவிட்டது. ஊகம் போதாது, ஆதாரம் வேண்டும் என்று அவரே போலந்தில் அக்னியெஷ்காவின் தமக்கை வழிப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டார். மனுஷன் அந்தச் சுறுசுறுப்பை மூன்று வருடமாக எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, இரண்டு கிழமையில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கடிதங்கள் வந்துசேர்ந்தன. ஆதாரம் கிடைத்தால் கட்டுரை, கிடைக்காவிட்டால் மட்டும்தான் உறுதிக் கடிதம் என்று சொல்லிவிட்டார். தெரேசாவின் மகளின் விசா பற்றி எடுத்துச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் என் தோளில் தட்டினார்:

"அந்த ஏழைகளுக்கு நேர்மை கட்டுப்படியாகவில்லை. நமக்குக் கட்டுப்படியாகும், ஹெர் குகன். அதனால் வெளியிடுவோம்."

அம்மா கேட்ட கேள்வி

பெட்டியில் ஒன்பதாவது கடிதம். பிரேசிலில் இறங்கிய மாதம் அக்னியெஷ்கா தமக்கைக்கு எழுதியது. நடுப் பக்கத்தில் இருந்தது: "யூசெஃப்புக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பவெலின் சட்டை அவனுக்குச் சரியாக இருக்கிறது. கப்பலில் என்னை அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தோம், இறங்கிய பிறகும் அப்படியே கூப்பிடுகிறான், எனக்கு வெட்கமாக இருக்கிறது." அதற்குக் கீழே, "ஹங்கா கேட்டால் பிள்ளை நலம் என்று மட்டும் சொல்."

வாசித்ததும் எழுந்து யன்னலோரம் போய் நின்றேன். அழுகை வந்தது, அதை மறைப்பதில் பயனில்லை. பிறகு டோர்ட்முண்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன்: தெரேசா, மகள், விசா, தலைவர், கடிதம், நான் என்ன செய்வது. அம்மா அதில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்த ஹங்கா எண்டவ பெற்ற தாயோ?"

"ஓம் அம்மா."

"அவவுக்குப் பிறகு என்ன நடந்தது?"

தெரியாது என்றேன். அது கடிதத்தில் இல்லை. நான் தேடவும் இல்லை. தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அம்மா சொன்னார்:

"அப்ப நீ இவ்வளவு காலமும் அங்க குந்தியிருந்து என்னத்தையடா ஆராய்ச்சி செய்யிறாய்?"

இரண்டு மெழுகுதிரி

தெரேசாவுக்கு எடுத்தேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறை நம்பிக்கையை உடைக்கப் போகிறோம், மெதுவாகச் சொல்ல வேண்டும், அவள் அழுதால் என்ன சொல்வது என்றெல்லாம். "உட்கார்ந்திருக்கிறீர்களா?" என்றுகூடக் கேட்டேன். பிறகு சொன்னேன், உங்கள் தாத்தா நோவாக்கின் மகன் அல்ல என்று ஐயம் இருக்கிறது.

அவள் சிரித்தாள். "ஹங்காவின் மகன்தானே? அது இங்கே கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்" என்றாள். ஹங்கா அயல் வீட்டு விதவை. நெஞ்சுச் சளி முற்றிப்போயிருந்தது. அந்த நோய்க்காரரைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று அக்னியெஷ்காவின் கையில் கொடுத்தாள். அந்த மாரிக் குளிர் முடியுமுன் இறந்துபோனாள். இறந்தோர் திருநாளில் தாத்தா ஒவ்வொரு வருடமும் ஹங்காவுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவாராம், அக்னியெஷ்கா போன பிறகு இரண்டு. எட்டு வயதில் வந்தவர் எண்பத்தொரு வயது வரை ஏற்றினாராம். நாங்கள் மூன்று பேர், மூன்று வருடம், இரண்டு கணினி, ஒரு சப்பாத்துப் பெட்டி வைத்துத் தோண்டியெடுத்த இரகசியம் அது. தோளில் தட்டிய தலைவரை நினைத்துக்கொண்டேன். என்னையும்தான். தூதரகம் ஒரு தகப்பன், ஒரு தாய் என்றுதானே கேட்கிறது என்று இழுத்தேன். அவள் குரலில் இப்போது சிரிப்பு இல்லை:

"என் தாத்தாவுக்கு இரண்டு அம்மா, ஐயா. உங்கள் படிவத்தில் ஒரு கோடுதான் இருக்கிறது. அதற்கும் நாங்கள்தான் தண்டனை அனுபவிக்க வேண்டுமா?"

மை

கடிதங்களை ஜேர்மனில் மொழிபெயர்த்துத் தலைவரிடம் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. மை கரைந்து, தாள் பழுதாகி வாசிக்க முடியாத இடம் வந்தால், அங்கே அடைப்புக்குறி போட்டு "இத்தனை வரி வாசிக்க முடியவில்லை" என்று எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். ஒன்பதாவது கடிதத்துக்கு வந்தேன். அக்னியெஷ்காவின் கையெழுத்து அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தது. கடவுளாகப் பார்த்து அந்தப் பக்கத்தில் ஒரு பழைய ஈரக் கறை மட்டும் தந்திருந்தார், அதுவும் ஓரத்தில். நான் பென்சிலை எடுத்து, "மூன்று வரி வாசிக்க முடியவில்லை" என்று எழுதினேன். வரலாறு படித்தவன் செய்யவே கூடாதது ஒன்று உண்டென்றால் அதுதான். தெரிந்தால் வேலை போகும், பிறகு இந்தத் துறையில் எனக்கு ஒரு நாற்காலியும் கிடைக்காது. ஆனால் எழுதிய பிறகு அழித்துத் திருத்த மனம் வரவில்லை.

ஒரு விஷயம் இருந்தது. தலைவருக்குப் போலிஷ் தெரியாததால், ஒவ்வொரு பெயர்ப்பையும் இரண்டாவது ஆள் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்த இரண்டாவது ஆள் ஃபிராவ் கூபிட்ஸ். காற்புள்ளி தவறினால்கூடத் திருப்பி அனுப்புகிற மனுஷி. மேசைக்கு எதிரே என்னை உட்காரவைத்துவிட்டு, பூதக்கண்ணாடியைப் பிடித்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வந்தார். ஒன்பதாவது கடிதத்தின் நடுப் பக்கத்தில் விரல் நின்றது. வாசித்தார். கண்ணாடியை வைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார். என் பெயர்ப்பைப் பார்த்தார். பிறகு மூலத்தைப் பார்த்தார். என் மகா கெட்டித்தனத்தில் ஹங்கா வரியை மறைக்க மறந்துவிட்டேன் என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது. "ஹங்கா கேட்டால் பிள்ளை நலம் என்று மட்டும் சொல்" என்ற வரி என் பெயர்ப்பில் அப்படியே, முழுசாக, பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. அழிறப்பரை எடுத்து என் பக்கம் தள்ளினார். அலுவலகக் குரலில்தான் சொன்னார்:

"இந்த இடத்தில் தாள் மிகவும் மோசம், ஹெர் குகன். மூன்று வரி என்று தவறாக எழுதியிருக்கிறீர்கள். நாலு வரி வாசிக்க முடியவில்லை."

தலைவர் ஏமாந்துபோனார், ஆனாலும் சோரவில்லை. மாநாட்டில் குமாஸ்தாக்களின் எழுத்துப் பிழைகள் பற்றி முக்கால் மணி நேரம் பேசி, என் கூர்ந்த வாசிப்புக்கு அடிக்குறிப்பில் நன்றியும் தெரிவித்தார். "யூசெஃப் கப்பல் பட்டியலில் மகன் என்று பதிவாகியுள்ளார்" என்று ஒரே ஒரு வாக்கியம் கொண்ட உறுதிக் கடிதம், அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை, சந்திப்புக்கு நாலு நாள் முன்னால் தெரேசாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பாஸ்போட் வர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை மகளும் குழந்தையும் அயர்லாந்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இப்போது தெரேசாவும் அங்கேதான்.

மூன்று மொழிகளில் பழைய கையெழுத்து வாசிக்கப் பழகிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டதில், யாருக்காவது உருப்படியாக நான் செய்தது அந்த நாலு வரியை வாசிக்காமல் விட்டதுதான்.